பள்ளியில் உயர்நிலை வேதியியல்: சேரும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓராண்டு அடிப்படை வேதியியல் படித்து முடித்துவிட்டு, அடுத்து உயர்நிலை வகுப்பில் சேரலாமா என்று யோசிக்கும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் அவை என்பதால் சுருக்கவில்லை.

உயர்நிலை வேதியியல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டு அளவுக்குப் போகிற வேதியியல். ஏபி (அமெரிக்கப் பாடத்திட்டம்), ஐபி (பன்னாட்டுப் பாடத்திட்டம்) உயர்நிலை, ஏ லெவல் (பிரிட்டிஷ் பாடத்திட்டம்) என்று பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் பெயர் மாறும். ஏபி தேர்வு 3 மணி 15 நிமிடம் நடக்கும்: 90 நிமிடத்தில் 60 தெரிவு வினாக்கள், 105 நிமிடத்தில் 7 எழுத்து வினாக்கள். ஐபியில் சாதாரண நிலைக்கு 150 மணி நேரப் பாடம் என்றால் உயர்நிலைக்கு 240 மணி நேரம். ஆய்வகத்தை எல்லாருமே பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏபியில் பாட நேரத்தின் கால் பங்கு செய்முறைக்குப் போக வேண்டும். ஐபியில் மாணவர் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் ஆய்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம்.

பெயர் எதுவாக இருந்தாலும் மாணவரிடம் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற ஒரு மாற்றத்தை, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் கணக்காகவும் அவற்றுக்கு இடையிலான விசையாகவும் சொல்லத் தெரிய வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே இருக்கும்.

சேருவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சேர்மங்களுக்குப் பெயர் எழுதுவது, வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது, மோல் கணக்கு. இந்த மூன்றும் கை போன போக்கில் வர வேண்டும். யோசித்துச் செய்யும் நிலையில் இருந்தால் போதாது. புதுப் பாடம் நடக்கும்போது இவற்றுக்காக மூளையைச் செலவழிக்கிறவர்களுக்குப் பாடமே கேட்காது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு. 2.43 கிராம் மெக்னீசியத்தை, லிட்டருக்கு 1.0 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டரில் போடுகிறோம். கடைசியில் என்ன மிஞ்சும்? எவ்வளவு ஹைட்ரஜன் வரும்?

மெக்னீசியம் 0.100 மோல். அமிலமும் 0.10 மோல். இரண்டும் சமமாக இருக்கின்றனவே, இரண்டும் தீர்ந்துவிடும் என்று எழுதினால் சமன்பாட்டைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு மெக்னீசியம் அணுவுக்கு இரண்டு மூலக்கூறு அமிலம் வேண்டும். அதனால் அமிலம்தான் முதலில் தீரும். மெக்னீசியத்தில் பாதி, அதாவது 1.2 கிராம், அப்படியே கிடக்கும். ஹைட்ரஜன் 0.050 மோல், எடையில் 0.10 கிராம். இதை யாருடைய உதவியும் இல்லாமல் ஐந்து நிமிடத்துக்குள் செய்ய முடிந்தால் தாராளமாகச் சேருங்கள். முடியாவிட்டால் விடுமுறையில் மோல் பாடத்தை மட்டும் மறுபடி உட்கார்ந்து போடுங்கள். வேறு எதையும் முன்கூட்டிப் படிக்க வேண்டாம்.

கணிதம் எந்த அளவுக்கு வேண்டும்?

நுண்கணிதம் வேண்டாம். அடுக்குக்குறி எண்கள், மடக்கை, இருபடிச் சமன்பாடு, ஒரு வரைபடத்தின் சாய்வைக் கண்டுபிடித்து அதற்கு என்ன பொருள் என்று சொல்வது, இவ்வளவுதான். ஒரு சூத்திரத்தில் எந்த உறுப்பைக் கேட்டாலும் அதைத் தனியே பிரித்து எழுதத் தெரிய வேண்டும்.

கணக்கில் தோற்கிறவர்களில் பெரும்பாலோர் கணிதத்தில் தோற்பதில்லை, அலகில் தோற்கிறார்கள். வாயு மாறிலி ஒன்றுதான். ஆனால் ஜூலில் எழுதினால் 8.314, லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் கொண்டு எழுதினால் 0.08206. எதை எங்கே போடுவது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அலகை எழுதிக்கொண்டே போனால், தவறானதைப் போட்ட அடுத்த வரியிலேயே அலகுகள் வெட்டுப்படாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். அலகு இல்லாமல் எழுதப்பட்ட இடைவரிகளுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. முதல் மாதம் இதற்காக என்னைத் திட்டாத மாணவர் இல்லை.

எதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. தனிம வரிசை அட்டவணை தேர்வில் கையில் கிடைக்கும், முக்கியமான சூத்திரங்களும் பெரும்பாலும் கிடைக்கும். அப்படியும் தலையில் இருந்தே ஆக வேண்டியவை சில உண்டு.

முதலில் பல அணு அயனிகள்: நைட்ரேட், சல்பேட், கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு, அம்மோனியம், அசிட்டேட், பெர்மாங்கனேட், டைகுரோமேட். பெயர், வாய்பாடு, மின்சுமை மூன்றும் சேர்த்து. அப்புறம் வலிமை மிகுந்த அமிலங்கள்: ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக், நைட்ரிக், சல்ஃபியூரிக், பெர்குளோரிக். வேறு ஒரு அமிலம் வினாவில் வந்தால் பெரும்பாலும் அது வலிமை குறைந்தது என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். கரைதிறனில், சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் எல்லா நைட்ரேட்டுகளும் கரையும்; சில்வர் குளோரைடு, பேரியம் சல்பேட், லெட் அயோடைடு கரையாது. இந்த அளவு தெரிந்தால் வீழ்படிவு வினாக்களில் முக்கால்வாசியைச் சமாளிக்கலாம்.

அட்டை செய்து வைத்துக்கொண்டு தினம் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். முதல் இரண்டு வாரத்தில் முடிந்துபோகும் வேலை இது.

விடை சரி. ஆனால் மதிப்பெண் குறைந்திருக்கிறது. ஏன்?

ஆண்டு முழுக்க அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடு.

நீங்கள் எழுதியது விடை, கேட்டது காரணம். ஒரு உதாரணம் பார்ப்போம். நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) மோலுக்கு 1402 கிலோஜூல். அடுத்து வரும் ஆக்சிஜனுக்கு 1314. வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக இந்த ஆற்றல் கூட வேண்டும், இங்கே ஏன் குறைகிறது? 'நைட்ரஜனில் பாதி நிரம்பிய ஆர்பிட்டால்கள் இருப்பதால் அது நிலையானது' என்று பலர் எழுதுவார்கள். அது காரணம் ஆகாது, நடந்ததையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்வது. ஆக்சிஜனில் ஒரு பி ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றாக இருக்க வேண்டியிருக்கிறது, ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதனால் ஒன்றை வெளியே எடுப்பது எளிது. இப்படி எழுதினால்தான் முழு மதிப்பெண். மின்சுமை, தூரம், தள்ளுதல், இழுத்தல்: இந்த நான்கில் ஒன்றாவது விடையில் இல்லையென்றால் அதை இன்னும் முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதைவிடக் கனமான மூலக்கூறைக் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 'நீரில் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது' என்பது தொடக்கம் மட்டும். எந்த இரண்டு துகள்களுக்கு நடுவே? நீர் மூலக்கூறின் உள்ளே இருக்கும் பிணைப்பா, ஒரு நீர் மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பா? கொதிக்கும்போது உடைவது இரண்டாவது. அதைத் தெளிவாக எழுதாமல், 'பிணைப்பு உடைகிறது' என்று மட்டும் எழுதினால், நீர் கொதித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது என்று நீங்கள் நம்புவதாகத்தான் திருத்துபவர் எடுத்துக்கொள்வார். உங்கள் மனதில் இருப்பதைப் படிக்க அவரால் முடியாது.

'சோடியம் ஒரு எலக்ட்ரானை இழக்க விரும்புகிறது' என்று முந்தைய வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களே?

சொல்லிக்கொடுத்தார்கள், அந்த வயதுக்கு அது போதும். இந்த வகுப்பில் அணுக்களுக்கு விருப்பம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வாயு நிலையில் உள்ள சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் நாம் கொடுக்க வேண்டும். அதைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது 349 திரும்பக் கிடைக்கும். அதாவது, எலக்ட்ரான் கைமாறியதில் மட்டும் 147 கிலோஜூல் நஷ்டம். சோடியம் எட்டு எலக்ட்ரானுக்காக ஏங்கிக்கொண்டிருந்தால் இந்த நஷ்டம் எங்கிருந்து வந்தது? உண்மையில் ஈடு செய்வது அடுத்த கட்டம். நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் நெருங்கி வந்து படிகமாக அடுக்கும்போது மோலுக்குச் சுமார் 787 கிலோஜூல் வெளியாகிறது. உப்பு இருப்பதற்கு அதுதான் காரணம்.

எட்டு என்ற விதி எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் நல்ல குறிப்பு. ஏன் என்று கேட்டால் அதை விடையாக எழுத முடியாது.

முந்தைய வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களும் முதல் தேர்வில் சறுக்குகிறார்களாமே?

ஆமாம். பெற்றோர் பதறும் இடம் இது. நன்றாக மனப்பாடம் செய்யத் தெரிந்தவர்கள்தான் முதலில் சறுக்குகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அதுவரை வேறு வழி தேவைப்பட்டதே இல்லை. பார்த்த கணக்கைப் போலவே இருக்கும் கணக்கை இந்தத் தேர்வுகளில் அதிகம் கேட்பதில்லை.

லிட்டருக்கு 10⁻⁸ மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் எவ்வளவு? கால்குலேட்டரைத் தட்டி 8 என்று எழுதுபவர் பலர். அமிலத்தை நீரில் விட்டோம், அது காரமாகிவிட்டது! நீரே 10⁻⁷ அளவுக்கு ஹைட்ரஜன் அயனி தருகிறது என்பதைச் சேர்த்தால் விடை 6.98. இதேபோல், 50 டிகிரியில் தூய நீரின் பிஎச் சுமார் 6.6. அது அமிலமாகிவிட்டதா? இல்லை. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சம அளவில்தான் இருக்கின்றன, இரண்டுமே கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். 'நடுநிலை என்றால் 7' என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கு இது கண்டிப்பாகக் குழப்பும்.

இன்னொரு பழைய நம்பிக்கை, பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்பது. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் கொடுத்தே ஆக வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு மோலை உடைக்க 436 கிலோஜூல், குளோரினுக்கு 242. ஆக மொத்தம் 678 போட்டாயிற்று. இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது 862 திரும்ப வருகிறது. மீதி 184 தான் வெளியே வரும் வெப்பம். (மேலே நீருக்குச் சொன்ன 'ஹைட்ரஜன் பிணைப்பு' வேறு, இங்கே ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டுக்கு நடுவே உள்ள பிணைப்பு வேறு. இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.)

முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நடுவாண்டுக்குள் மீண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். மீளாதவர்கள் திருத்திய விடைத்தாளைத் திறந்தே பார்க்காதவர்கள்.

எந்தப் பகுதி மிகக் கடினம்?

சமநிலை. அதற்கு மேல் அமிலம், காரம், தாங்கல் கரைசல் மூன்றும் ஏறி உட்கார்ந்திருப்பதால், சமநிலை புரியாதவருக்கு ஒரு பருவம் முழுக்கக் கஷ்டம்.

'அழுத்தத்தைக் கூட்டினால் மூலக்கூறு குறைந்த பக்கம் நகரும்' என்று ஒப்பிப்பது எளிது. நைட்ரஜன் டை ஆக்சைடு பழுப்பு நிறம். அது இரண்டிரண்டாகச் சேர்ந்து நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகும். இரண்டும் சமநிலையில் இருக்கும் ஒரு சிரிஞ்சை அழுத்திக் கனஅளவைப் பாதியாக்கினால் நிறம் என்ன ஆகும்? முதலில் சட்டென்று அடர்த்தியாகும், ஏனென்றால் அதே வாயு சின்ன இடத்தில் நெருங்கிவிட்டது. பிறகு கொஞ்சம் வெளுக்கும், ஏனென்றால் சமநிலை நகர்கிறது. ஆனால் அழுத்துவதற்கு முன் இருந்ததைவிட அடர்த்தியாகவே நிற்கும். மூன்று கட்டத்தையும் சொல்ல வேண்டும். செறிவுகளை எண்ணாகப் போட்டுப் பாருங்கள்: இரண்டு செறிவும் இரு மடங்காகும்போது வினை ஈவு (அந்த நேரத்துச் செறிவுகளைச் சமநிலை மாறிலியின் சூத்திரத்தில் போட்டால் வரும் எண்) சமநிலை மாறிலியில் பாதியாகிவிடுகிறது. ஆகவே முன்னோக்கி, டெட்ராக்சைடு பக்கம், நகர்ந்தாக வேண்டும். இந்த ஒப்பீடு பழகிவிட்டால் லே ஷாட்லியேவின் விதியை மறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை.

மின்வேதியியலும் பலருக்குப் பயம். ஆனால் அது கடைசியில் வருகிறது, நேரம் போதாமல் அவசரமாக நடத்தப்படுகிறது, அதனால் வரும் பயம்தான் பாதி.

ஆய்வகத்தில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது?

விடை சரியாக வர வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆய்வகக் குறிப்பேடு பேனாவில் எழுதப்படும், பக்க எண் போடப்படும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், கீழே இருப்பது தெரிய வேண்டும். தனித்தாளில் குறித்துக்கொண்டு வீட்டில் அழகாகப் பிரதி எடுத்து வரக்கூடாது. கறை படிந்த நோட்டு பரவாயில்லை.

தரம்பார்த்தலை (தெரிந்த அளவுள்ள ஒரு பொருளோடு வினைபுரியவைத்து ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது) எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாப் பாடத்திட்டத்திலும் இது உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், ஆகவே அதை எடைபோட்டுக் கரைத்த உடனே செறிவு தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற திண்மத்தை வைத்து அதை அளக்கிறோம். அதன் மோலார் நிறை 204.2, 0.5105 கிராம் எடுத்தால் 0.002500 மோல். காரத்தின் செறிவு லிட்டருக்குச் சரியாக 0.1000 மோலாக இருந்தால் 25.00 மில்லிலிட்டர் செலவாகும்.

இப்போது என் கேள்விகள் வரும். பியூரெட்டை நீரால் மட்டும் கழுவிவிட்டு, காரக்கரைசலால் கழுவாமல் நிரப்பினால் என்ன ஆகும்? உள்ளே ஒட்டியிருந்த நீர் காரத்தை நீர்க்க வைக்கும், அதிகக் கனஅளவு செலவாகும், கணக்கிட்ட செறிவு உண்மையைவிடக் குறைவாக வரும். கூம்புக்குடுவை ஈரமாக இருந்தால்? ஒன்றும் ஆகாது, அதில் இருக்கும் மோல் எண்ணிக்கை மாறவில்லை. பியூரெட் நுனியில் காற்றுக் குமிழி இருந்து நடுவில் வெளியேறினால்? இதை உங்களுக்கே விடுகிறேன்.

பிழைக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'மனிதப் பிழை' என்று எழுதினால் பூஜ்ஜியம். எந்தப் பிழை, அது விடையைக் கூட்டுமா குறைக்குமா, ஏன் என்று மூன்றும் வேண்டும். தரம்பார்த்தலில் முடிவைக் காட்டும் நிறங்காட்டியான பினால்ப்தலீன் வெளிர் இளஞ்சிவப்பில் நிற்க வேண்டும். பக்கத்து மேசையிலிருந்து தெரிகிற அளவுக்குச் சிவந்துவிட்டால் அந்த அளவீட்டையும் எழுதி, 'முடிவுநிலையைத் தாண்டிவிட்டது' என்று பக்கத்தில் குறித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். எண்ணை மாற்றி எழுதுவது மட்டும் இந்த வகுப்பில் மன்னிக்கப்படாது. நூல் எண்ணுக்கு அச்சாகப் பொருந்தி வரும் மூன்று அளவீடுகளைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும்.

பாதுகாப்பு விதிகள்?

கண்ணாடி எப்போதும் கண்ணில், நெற்றியில் அல்ல. தலைமுடியைக் கட்ட வேண்டும், மூடிய காலணி வேண்டும், உணவும் தண்ணீரும் உள்ளே கூடாது. அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அடர் சல்ஃபியூரிக் அமிலம் நீரோடு சேரும்போது வரும் வெப்பத்தில் மேலே விழுந்த நீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். கண்ணில் ஏதாவது பட்டால் 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும், 15 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். விதியை மீறியவர் அன்றைய செய்முறையிலிருந்து வெளியே. விவாதம் கிடையாது.

முக்கிய எண்ணுருக்களுக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு?

கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டுகிறது என்பதற்காக உங்கள் தராசு பத்து இலக்கம் அளக்கவில்லை. விடையில் எத்தனை இலக்கம் எழுதுகிறீர்களோ, அத்தனை நம்பிக்கையை நீங்கள் அறிவிக்கிறீர்கள். பிஎச்சில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு: செறிவில் இரண்டு முக்கிய எண்ணுருக்கள் இருந்தால், பிஎச்சில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். லிட்டருக்கு 0.10 மோல் அசிட்டிக் அமிலத்தின் பிஎச் 2.87, 2.9 என்றும் 2.872 என்றும் எழுதக்கூடாது.

தினம் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்?

வகுப்பு நடக்கும் நாளில் முக்கால் மணி நேரம் என்பது என் கணக்கு. தேர்வு வாரத்தில் கூடும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் மொத்தமாக உட்காருவதால் இது ஈடாகாது. இந்தப் பாடத்தில் செவ்வாய்க்கிழமை நடந்தது புரியாவிட்டால் புதன்கிழமை நடப்பதும் புரியாது, ஞாயிறு வருவதற்குள் ஐந்து நாள் பாடம் கையை விட்டுப் போயிருக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் பாடப்புத்தகத்தை வண்ணக்கோடு போட்டுப் படிக்காதீர்கள். கணக்கு போடுங்கள். தீர்வைப் பார்த்து 'ஆமாம், சரிதான்' என்று தலையாட்டுவது கணக்கு போட்டதாக ஆகாது. தீர்வை மூடிவிட்டு வெற்றுத்தாளில் மறுபடி வந்தால்தான் அது உங்களுடையது.

நண்பர்களோடு சேர்ந்து வீட்டுப்பாடம் செய்யலாமா? செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கலாமா?

சேர்ந்து பேசலாம், பேச வேண்டும் என்றே சொல்வேன். எழுதுவது தனித்தனியாக இருக்கட்டும். ஆய்வக அளவீடுகள் குழுவுக்குப் பொது, ஆய்வறிக்கை ஒவ்வொருவருக்கும் தனி.

செயலிகளைப் பற்றி: ஒரு கருத்து புரியவில்லை, வேறு விதமாக விளக்கு என்று கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது தரும் எண்களை நீங்களே சரிபார்க்க வேண்டும், தவறான எண்ணையும் அது அதே நம்பிக்கையோடுதான் சொல்லும். வீட்டுப்பாடத்தின் விடையை அதனிடம் வாங்கி ஒட்டினால் நான் கண்டுபிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தேர்வு அறையில் வெற்றுத்தாளும் நீங்களும் மட்டும்தான். வீட்டுப்பாடத்தில் முழு மதிப்பெண், தேர்வில் பாதி என்ற இடைவெளியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

வகுப்புக்கு வர முடியாமல் போனால்?

விடுபட்ட குறிப்பை அன்றே நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். செய்முறை விடுபட்டால் என்னிடம் வந்து மாற்று நாள் கேளுங்கள். நானாகத் தேடி வரமாட்டேன்.

எனக்கு வேதியியல் எல்லாம் மறந்துவிட்டது. பெற்றோராக எப்படி உதவுவது?

மறந்தது நல்லதாகப் போயிற்று. அன்று படித்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். நடுவில் 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் தெரியாதவர் கேட்கும் 'ஏன்' தான் தேர்வில் வரும் 'ஏன்'. இரண்டாவது 'ஏன்' கேட்டதும் பிள்ளை எரிச்சலாகி எழுந்து போனால், எந்த இடத்தில் எழுந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் என்னிடம் வந்து கேட்க வேண்டிய இடம் அதுதான்.

தனிப்பயிற்சி வேண்டுமா என்று கேட்டால், முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். வகுப்பு முடிந்ததும் கேள்வி கேட்கிற பழக்கம் வருவதற்கு முன்பே தனிப்பயிற்சி வந்துவிட்டால், பிள்ளை இரண்டு இடத்திலும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும்.

மருத்துவமோ பொறியியலோ படிக்கப் போவதில்லை. இது தேவையா?

தேவையில்லை. பிடித்திருந்தால் படிக்கலாம். விண்ணப்பத்தில் நன்றாகத் தெரியும் என்பதற்காக மட்டும் சேருகிறவர்கள் நடுவாண்டில் சோர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏற்கெனவே மூன்று கடினப் பாடங்களை எடுத்திருப்பவர் நான்காவதாக இதைச் சேர்க்கும் முன் தூங்கும் நேரத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

தேர்வுத்தாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

வினாவின் வினைச்சொல்லை. 'கணக்கிடுக' என்றால் படிகளோடு எண் வேண்டும். 'விளக்குக' என்றால் துகள் மட்டத்தில் காரணம் வேண்டும். 'கூறுக' என்றால் ஒரு வரி போதும், அதற்கு அரைப்பக்கம் எழுதி நேரத்தை விடாதீர்கள். முதல் பகுதியின் விடை வரவில்லை என்றால் ஒரு எண்ணை அனுமானித்து, 'இதை இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். தொடர் பகுதிகளில் முறைக்கு மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரே வினாவுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளை எழுதிவைத்தால் திருத்துபவர் நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளமாட்டார். ஒன்றை அடித்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு முடியவில்லை என்றால் விலகலாமா?

விலகலாம், கடைசித் தேதியைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தேர்வு முடிவைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். இரண்டாவது தேர்வு வரை இருந்து, அதற்குள் ஒரு தடவையாவது திருத்திய தாளோடு என்னிடம் வந்து உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். தாளை எடுத்து வருவது முக்கியம். வெறுங்கையோடு வந்து 'எனக்கு எதுவுமே புரியவில்லை' என்றால் எங்கே தொடங்குவது என்று எனக்கும் தெரியாது.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

மடக்கை போடக்கூடிய அறிவியல் கால்குலேட்டர், தைத்த குறிப்பேடு ஒன்று, நீலமோ கறுப்போ பேனா. முதல் நாளே ஒரு சின்னத் தேர்வு இருக்கும், மேலே சொன்ன மெக்னீசியம் கணக்கைப் போல ஆறு. மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது. யாருக்கு எந்த இடத்தில் மோல் கணக்கு நழுவுகிறது என்று நான் தெரிந்துகொள்வதற்காக வைப்பது, அதனால் தெரியாததைக் காலியாக விட்டுவிடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.